எழுதாத எட்டாம் வரிசை

1

காலை ஐந்தரை மணி டிராமில் தினமும் என் எதிரே உட்காரும் ஒரு ஜெர்மன் மூதாட்டி, நேற்று இறங்குவதற்கு முன் என் கையைத் தொட்டுக் கேட்டார்.

"தப்பாக நினைக்காதீர்கள். தினமும் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறீர்கள்?"

நான் கும்பிடவில்லை. ராமஹ, ராமௌ, ராமாஹ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சமஸ்கிருதத்தில் ஓர் ஆண்பால் பெயர்ச்சொல் எட்டு வேற்றுமையிலும் எப்படி எப்படி முடியும் என்ற பட்டியல் அது. எட்டு வரிசை. வரிசைக்கு மூன்று சொல்: ஒருவருக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று, பலருக்கு ஒன்று. ஆக இருபத்து நான்கு சொல். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும், நாற்பத்தெட்டு வயதான, வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண்ணுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் கணவர் எப்போதோ கேட்டுவிட்டார். "படிக்கிறேன்" என்று மட்டும் மூதாட்டியிடம் சொன்னேன்.

"ஓ, பரீட்சை எப்போது?" என்றார்.

பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

போன மாதம் என் தம்பி பாண்டி இறந்து ஒரு வருஷம் முடிந்தது. என் மகள் கயல் என்னோடு கடைசியாகத் தமிழில் பேசி பதினொரு மாதம் ஆகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. இங்கே யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அரை மணி நேரம் நம் வழக்கத்தை விளக்க வேண்டும். அதற்குள் சொல்லும் தெம்பு போய்விடும். மதுரையில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் செய்த தப்பை நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

பாண்டி பழங்காநத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவனே கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பான். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்து எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர். ஊர்க் கோயில் மந்திரம் ஒலிபெருக்கி வழியாக எங்கள் தெரு வரைக்கும் வரும். நாங்கள் அது இருக்கும் இடத்துக்குப் போனதில்லை. சமஸ்கிருதம் என்றால் எங்களுக்கு அந்தச் சத்தம்தான்.

ஒரு நாள் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த பெரியவர் ஒருவர் அச்சடித்த கட்டைத் திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மேலே போட்ட சுலோகத்தில் ஓர் எழுத்து தப்பு. "அர்த்தமே தலைகீழாப் போச்சேப்பா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, "பாவம், உனக்கெல்லாம் இது எங்க தெரியப் போகுது" என்றார். பாண்டி மறுபடியும் அடித்துக் கொடுத்தான். மறுநாள் பழைய புத்தகக் கடையில் ஒரு சமஸ்கிருதப் பாலபாடத்தை வாங்கினான்.

"எதுக்குடா உனக்கு?" என்று போனில் கேட்டேன்.

"நம்மளப் பத்தி என்ன சொல்றாய்ங்கன்னு தெரிஞ்சுக்கிறணும்லக்கா. திட்டினாலும் அர்த்தம் தெரிஞ்சு திட்டு வாங்கணும்."

பக்கத்து டீக்கடையில் அவனை ஓட்டுவார்கள். "என்னண்ணே, பூணூலு எப்ப?" என்பார் ஒருவர். "தமிழ்ல இருக்கிற எட்டு வேற்றுமை பத்தலையாக்கும்" என்பார் இன்னொருவர். "பத்தாதுன்னு யாரு மாப்ள சொன்னா? ஓசியில இன்னொரு எட்டு கெடைக்குது, விடுவனா?" என்று இவன் டீயை உறிஞ்சுவான். இதையெல்லாம் அவனே எனக்கு நடித்துக் காட்டுவான். "ஒண்ணும் பெருசா இல்லக்கா. நம்ம ஏழாப்புல படிச்ச ஐ, ஆல், கு, இன், அது, கண்தான். சட்டைய மாத்திப் போட்டுக்கிட்டு நிக்குது."

கயல் அவனோடு சேர்ந்துகொண்டாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. இங்கே சனிக்கிழமை நடக்கும் தமிழ்ப் பள்ளியை அவள் பத்து வயதிலேயே விட்டுவிட்டாள். அவளிடம் இருந்த தமிழ் முழுவதும் தாய்மாமன் போனில் கொடுத்தது. அதனால் ஜெர்மனியில் பிறந்த பெண் "அம்புட்டுத்தானா?" என்று கேட்பாள். பள்ளியிலிருந்து அவள் வீடு வரும் மதியம் இரண்டரை மணி, அவனுக்கு மாலை ஏழு மணி. கடையில் கூட்டம் குறையும் நேரம். போனைப் பிரிண்டர் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நோட்டைத் திறப்பான்.

"மருமகளே, ரெண்டு பேருக்குன்னு தனியா ஒரு கட்டம் வச்சிருக்காய்ங்க பாத்தியா? நம்ம ரெண்டு பேருக்குத்தான் அது."

"எல்லா ரெண்டு பேருக்கும்தான் மாமா."

"இங்க பாரு, மூணாவது வரிசை, நாலாவது, அஞ்சாவது, மூணுலயும் ராமாப்யாம்தான். ரெண்டு பேரு சேந்துட்டா அசைக்க முடியல பாரு."

"'ப்யாம்' தப்பு மாமா. காத்து வரணும். வயித்துல இருந்து வரணும்."

"வயித்துல இருந்து பசிதான் வருது."

நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். என்னிடம் 'ஆமா', 'இல்ல', 'பசிக்கல' என்று மூன்று சொல்லோடு முடித்துக்கொள்கிறவள், அவனிடம் ஒரு மணி நேரம் பேசுவாள்.

3

அது ஒரு வியாழக்கிழமை. ஏழாவது வரிசையை முடித்திருக்கிறார்கள். "நாளைக்குக் கடைசி வரிசை மருமகளே. கூப்பிடுற வரிசை" என்று சொல்லியிருக்கிறான். பிறகு, "செத்த இரு" என்றிருக்கிறான். போன் சரிந்து மல்லாந்து விழுந்தது. அதன் பிறகு கயலுக்குத் தெரிந்ததெல்லாம் கடையின் மின்விசிறி.

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்ததாம். அவள் மாமா, மாமா என்று கத்தியிருக்கிறாள். டீக்கடைக்காரர் ஓடிவந்து "அண்ணே, எந்திரிங்கண்ணே" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறாள். யாரோ போனை எடுத்து, தெரியாமல் துண்டித்துவிட்டார்கள். நான் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். என் போன் அலமாரியில் பூட்டியிருந்தது. வெளியே வந்து பார்த்தபோது அவளுடைய அழைப்புகள் திரை முழுக்க நிரம்பியிருந்தன.

என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. அவளுடையது ஜெர்மன் பாஸ்போர்ட். அவள் ஊருக்கு வர விசா வேண்டும். செத்தவன் வீட்டுக்குப் போக வேண்டுமென்று விண்ணப்பப் பாரத்திடம் சொல்ல முடியாது. அது கேட்கிற வரிசையில்தான் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை போட்டோ திரும்பி வந்தது. இங்கே எடுக்கிற போட்டோ நீளவாக்கில் இருக்கும். நம்மவர்கள் சதுரமாகக் கேட்கிறார்கள். மறுபடி எடுத்தோம். பிறகு, இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி என்று ஒரு கட்டம். ஒவ்வொரு தடவையும் அதில் பாண்டியின் பெயர்தான் எழுதுவோம். கயல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா பேரப் போடலாமாம்மா?"

"போடு. போய்ப் பாக்கவா போறாங்க" என்றேன்.

அவள் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். ஆறாம் நாள் விசா வந்தது. நாங்கள் பழங்காநத்தம் போய்ச் சேர்ந்தபோது எட்டாம் நாள்.

4

போவதற்கு முன் விமானத்தில் வைத்தே கயலுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பளபளப்பாக உடுத்தாதே. சிரிக்காதே. யார் கையைப் பிடித்து அழுதாலும் கையை இழுத்துக்கொள்ளாதே. ராணி அத்தை, அதாவது பாண்டியின் மனைவி, உட்கார்ந்திருக்கும் அறைக்குள் பேசிக்கொண்டே நுழையாதே. எல்லாவற்றையும் அவள் போனில் குறித்துக்கொண்டாள். குறித்தபடியே எட்டு நாளும் நடந்தாள். வாடிப்பட்டிப் பெரியம்மாகூட, "உம் மக நல்லா வளந்திருக்காடி" என்றார்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. அது சொல்லிக் கொடுக்க வேண்டிய ஒன்று என்றே எனக்குத் தோன்றவில்லை.

கயலுக்கு மூன்று வயதிலிருந்து நான் அடித்து அடித்துப் பழக்கியது ஒன்று உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே குழந்தைகள் காப்பகத்தில்கூட அவள் வாசலில் நின்று தன் டீச்சருக்கு 'போயிட்டு வாரேன்' சொல்லிவிட்டுத்தான் வருவாள். அந்த ஜெர்மன் டீச்சர் அதற்குப் பதில் சொல்லவும் கற்றுக்கொண்டார். தமிழில் நான் அவளுக்குக் கொடுத்த ஒரே முழு மரியாதை அந்த ஒரு சொல்தான்.

கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் கிளம்பினோம். கார் தெருமுனையில் நின்றது. நான் நம் முறைப்படி, யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கயல் இல்லை. உள்ளே ராணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். கயல் அவள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்.

"அத்தை, போயிட்டு வாரேன்."

துக்க வீட்டில் சொல்லக்கூடாத சொல். அங்கே வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். "வெளிநாட்டுல வளந்த புள்ள, விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். அத்தனை பேர் கண்ணும் என் மேல் இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

"அறிவிருக்கா ஒனக்கு? சாவு வீட்டுல இப்பிடியா சொல்லுவாக?" என்று வாசலில் நின்று கத்தினேன்.

அவளுக்குப் புரியவில்லை. தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன் மாமா சாவதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள். அது அந்த நிமிஷத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ராணி என்ன செய்தாள் என்று நான் கவனிக்கவும் இல்லை.

5

இதை எழுதும்போது இன்னொரு நாள் நினைவுக்கு வருகிறது.

கயலுக்கு எட்டு வயது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தோம். ஜெர்மன் மொழியிலும் வேற்றுமை உண்டு, நான்கு. பெயர்ச்சொல்லின் முன்னால் நிற்கும் சின்னச் சொல் டெர், டென், டெம் என்று மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புருவத்தை உயர்த்தினார். கயலின் தலை அந்த உயரமான மேஜைக்கு மேல் பாதிதான் தெரிந்தது. அவள் மேஜைக்குக் கீழே என் விரலைப் பிடித்து அழுத்தினாள். சரியான சொல்லை, எனக்கு மட்டும் கேட்கும்படி, மூச்சுக்காற்றில் சொன்னாள். டெம். நான் திருத்திச் சொன்னேன். மறுபடி ஓர் அழுத்தல். டென். அரை மணி நேரமும் அப்படித்தான். நான் தப்பாகச் சொன்னேன் என்பதை அந்த அதிகாரியிடம் அவள் ஒரு தடவைகூடக் காட்டிக்கொள்ளவில்லை.

என்னைத் திருத்த அவளுக்குத் தெரிந்த விதம் அது. எனக்குத் தெரிந்த விதத்தைப் பழங்காநத்தத்தில் பார்த்தீர்கள்.

ஆனாலும் அன்று காரில் அவள் அழுது முடித்ததும் நான் வழக்கத்தை விளக்கினேன். "ஸாரிம்மா, தெரியாது" என்றாள். அப்போதும் தமிழில்தான் பேசினாள். அவள் தமிழை நிறுத்தியது அதற்காக அல்ல.

கருமாதி கழிந்து ஒரு மாதம் போல ஆகியிருக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் ராணியின் அப்பா இறந்துபோனார். மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்தவர். வாடிப்பட்டிப் பெரியம்மா போன் செய்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கயல் அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே உம் மக வாரேன்னு சொல்லிட்டு வந்துச்சு. இந்தா, வந்துருச்சுல்ல" என்றார் பெரியம்மா.

நான், "ம்" என்றேன்.

அவ்வளவுதான். ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு சொல்லால் யாரும் சாவதில்லை என்று எனக்குத் தெரியாதா? பெரியவரிடம் எதற்கு எதிர்வாதம், சீக்கிரம் போனை வைக்கட்டும் என்று சொன்ன 'ம்' அது. அப்படித்தான் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே எங்கேயோ ஒரு நடுக்கமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கயல் தட்டைக் கழுவி வைத்தாள். என் பக்கம் திரும்பாமல் ஜெர்மனில் சொன்னாள்: "நீயும் 'ம்' சொன்னாய்."

அதன் பிறகு என்னோடு ஜெர்மன்தான். கோபமாக இல்லை. மரியாதையாக, முழு முழு வாக்கியங்களில், வேற்றுமை தப்பாமல் பேசினாள். இலையுதிர் காலத்தில், ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படிக்கச் சேர்ந்தாள். அவள் வகுப்பில் எட்டுப் பேர். இந்திய முகம் அவளுடையது மட்டும்தான். கிளம்பும்போது கதவருகே நின்று "ச்சூஸ்" என்றாள். இங்கே கடைக்காரரிடம் விடைபெறும்போதுகூட அப்படித்தான் சொல்வார்கள்.

6

குளிர்காலத்தில் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கயல் பெயருக்கு இந்தியாவிலிருந்து ஒரு பார்சல். நேரில் வந்து உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். நான் அவள் தாய் என்று நிரூபிக்க மூன்று காகிதங்களைக் காட்டினேன். இளம் அதிகாரி கத்தியால் பார்சலைக் கிழித்தார். உள்ளே பாண்டியின் நோட்டு. ராணி அனுப்பியிருந்தாள்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். கட்டம் கட்டமாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கல்யாணப் பத்திரிகை அமைக்கிற அழகோடு எழுதியிருந்தான்.

"கணக்கு நோட்டா?" என்றார்.

"இலக்கணம்" என்றேன். எந்த வேற்றுமையும் தேவைப்படாத பதில். அதனால் தப்பில்லாமல் சொல்ல முடிந்தது.

கடைசிப் பக்கத்தில் ஏழு வரிசை நிரம்பியிருந்தது. எட்டாவது வரிசைக்குக் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தான். கூப்பிடும் வரிசை.

பார்சல் கயலுக்கு வந்தது. நான் அதை இரண்டு மாதம் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவளோடு எதைப் பேசுவது என்று தெரியாமல் இருந்த எனக்கு அந்த நோட்டு பேச்சுக்கு ஒரு வழி என்று தோன்றியது. டிராமில் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வரிசை மனப்பாடம் ஆனதும் அதை என் குரலில் பதிந்து அவளுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வரும்; பதில் வராது. இரண்டாவது வரிசையும் அப்படியே. மூன்றாவது வரிசைக்கு, அனுப்பிய அன்றே, மூன்று வினாடிப் பதில் ஒன்று வந்தது.

"ராமேண."

அவ்வளவுதான். நான் 'ராமேன' என்று சொல்லியிருந்தேன். அம்மா என்று இல்லை, எப்படி இருக்கிறாய் என்று இல்லை. ஆனால் அதை அவள் மெதுவாக, மூச்சுக்காற்றில் சொல்லியிருந்தாள். மேஜைக்குக் கீழே விரலைப் பிடித்த எட்டு வயதுக் குரல் அதில் இருந்தது. வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த மூன்று வினாடியை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது.

அதன் பிறகு தப்பு இருந்தால் மட்டும் பதில் வரும். சரியாகச் சொன்னால் வராது. வேண்டுமென்றே ஒன்றிரண்டு தப்பு செய்து பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள் போல, அதற்குப் பதிலே வரவில்லை. ஏழு வரிசையும் முடிந்ததும் நோட்டை அவளுடைய விடுதி முகவரிக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் நான் வைத்திருந்ததையும் ஒரு காகிதத்தில் எழுதி உள்ளே வைத்தேன்.

வருஷத் திதிக்கு வருகிறாயா என்று கேட்டேன். பரீட்சை இருப்பதாக ஜெர்மனில் எழுதினாள்.

7

நான் மட்டும் போனேன். பழங்காநத்தம் கடையை இப்போது ராணிதான் நடத்துகிறாள். விரல் நுனியெல்லாம் டோனர் கறுப்பு. சுலோகம் வந்தால் கொடுத்த தாளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறாள், அர்த்தம் தெரியாது.

திதி முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் கிளம்பப் பையை எடுத்தேன். அதே அறை, அதே பெண்களில் பாதிப் பேர். வாடிப்பட்டிப் பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, கயலு ஏன் வரல?" என்றாள் ராணி.

"பரீட்சை."

"பரீட்சைன்னா ஒரு போன எடுக்கக் கூடாதா? நான் எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா?"

பெரியம்மா குறுக்கே வந்தார். "அந்தப் புள்ளைக்கு நம்ம பழக்கம் என்னத்தத் தெரியும்? அன்னைக்கே முறை தெரியாம..."

"பெரியத்தே, செத்த இருங்க" என்றாள் ராணி. சத்தம் போடவில்லை. "இந்த வீட்டுக்கு அன்னைக்கு எம்புட்டுச் சனம் வந்துச்சு. எல்லாரும் சொல்லாமக் கொள்ளாமப் போனாக. முறைதான், நான் குத்தம் சொல்லல. ஆனா நான் இந்தா, இந்தச் செவரோரம்தான் உக்காந்திருந்தேன். செருப்புச் சத்தம் கேக்கும், தலைய நிமிந்தா ஆளு இருக்காது. யாரு திரும்ப வருவா, யாரு வர மாட்டான்னு ஒண்ணும் தெரியல. அவரும் சொல்லாமத்தான் போனாரு. எங்கையப் புடிச்சு வாரேன்னு சொன்னது அந்த ஒரு புள்ளதான். இந்த ஒரு வருசமா நான் அதத்தான் புடிச்சுக்கிட்டு இருக்கேன்."

ராணி பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா மூணு வருசமாப் படுக்கையில கெடந்தாரு. அதுக்கும் புள்ள வாய்க்கும் என்ன இருக்கு?" என்றாள்.

நான் பெரியம்மா முன்னால் உட்கார்ந்தேன். வருஷம் முழுவதும் எனக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. "பெரியம்மா, எம் மக சொல்லித்தான் அந்தச் சாவு வந்துச்சுன்னு அன்னைக்குப் போன்ல சொன்னீங்க. நான் 'ம்' கொட்டினேன். அது எந் தப்பு. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

பெரியம்மா வெற்றிலையை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார். "நானா? எப்பச் சொன்னேன்?" என்றார். "போன்ல ஆயிரம் பேசுறோம். எனக்கு ஒண்ணும் நெனப்பில்லையே."

உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. என் வீட்டிலிருந்து ஒரு மொழியை எடுத்துப்போன வாக்கியம், சொன்னவரிடமே இல்லை. அதை வைத்துக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்: நானும் கயலும்.

ராணி என் போனைக் கேட்டாள். "குரல அனுப்புவீகல்ல, அதுக்கு எத அமுக்கணும்?" காட்டினேன். போனை வாய்க்கு மிக அருகில் பிடித்துக்கொண்டாள்.

"கயலு, அத்த பேசுறேன். வாரேன்னு சொல்லிட்டுப் போன. ஒரு வருசமாச்சு. எப்ப வார?"

போனை என்னிடம் நீட்டினாள். "அம்புட்டுத்தான். அனுப்புங்க."

நானும் ஏதாவது சேர்த்துச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லவில்லை. அனுப்பினேன்.

வாசல் வரைக்கும் வந்த ராணி, நான் வாய் திறக்காமல் செருப்பைப் போடுவதைப் பார்த்து, "சொல்லிட்டே போங்க மதினி, வருசம் முடிஞ்சிருச்சு" என்றாள். சொன்னேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை நான் எவ்வளவு அதட்டிச் சொல்லிக் கொடுத்தேன் என்று அப்போது நினைவுக்கு வந்தது.

8

மேலே உள்ளதை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ராணியின் குரலைக் கயல் கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளம் இருந்தது; பதில் இல்லை. டிராமில் அந்த மூதாட்டி என்னைப் பார்த்து "பரீட்சை முடிந்ததா?" என்று இரண்டு தடவை கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. கயல் குரல். பின்னால் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"அம்மா, விசா பாரத்துல இந்தியாவுல தெரிஞ்சவங்க பேரு கேக்குது. மாமா பேரு இருந்த எடத்துல இப்ப யாரு பேர எழுதணும்?"

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டேன். குரலில் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ராணியின் முழுப் பெயரையும், பழங்காநத்தம் கடையின் முகவரியையும் எழுதி அனுப்பினேன். உறவு என்று கேட்கும் இடத்தில் அத்தை என்று போடு என்றேன்.

அனுப்பிய பிறகு இன்னும் ஒரு வரி எழுதினேன். போட்டோ சதுரமாக இருக்க வேண்டும்.